தொங்குற தோலுக்கு மெஷினா ஆபரேஷனா, ரெண்டுமே பண்ணிக்கிட்டவ எழுதுறேன்

வெயிட் குறைச்ச அப்புறம் தொங்குற தோல வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மனசுக்குள்ளயே வெச்சிருக்கவங்க நம்ம தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை சைடுல நிறைய பேரு. நான் வாய தொறந்து சொன்ன பிறகுதான் எங்க தெருவுலயே "எனக்கும் அப்படித்தான்க்கா"ன்னு ஒவ்வொருத்தரா வந்து கேக்க ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்கயே விவரமா போட்டுடறேன். தாடைக்கு கீழ ஹைஃபுன்னு அல்ட்ராசவுண்ட்ல சூடு குடுக்கற மெஷின் ட்ரீட்மெண்ட், வயித்துக்கு ஆபரேஷன், ரெண்டும் பண்ணிக்கிட்டேன். ரெண்டும் பிரைவேட்தான், பேர் போடல.

என் கேஸ் என்னன்னா, ரெண்டு புள்ளைங்க, ரெண்டுமே சிசேரியன். தொண்ணூறு கிலோவுக்கு மேல இருந்தேன், சுகர் பார்டர்ல வந்து நின்னதும் பயந்து சோத்த குறைச்சு காலைல நடக்க ஆரம்பிச்சு மெதுவா அறுபத்தஞ்சு கிட்ட வந்தேன். வெயிட் போச்சு, தோல் போகல. அடிவயிறு மடிஞ்சு சிசேரியன் தழும்பு மேலயே தொங்குச்சு, நம்ம ஊரு வெயிலுக்கு அந்த மடிப்புக்குள்ள வேர்வை காயாம அரிப்பு, செவப்பா புண்ணு, எப்பவும் பூஞ்சைக்கு போடுற பவுடரு கையோட இருக்கணும். இது அழகு பிரச்சனை மட்டும் இல்லன்னு சொல்ல வரேன். வீட்ல "இந்த வயசுல இதெல்லாம் இன்னாத்துக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு அந்த புண்ண காட்டுங்க, அப்புறம் கேக்க மாட்டாங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். தோலுக்குள்ள கொலாஜன், எலாஸ்டின்னு ரெண்டு இருக்கு. கொலாஜன் தோலுக்கு பலம், எலாஸ்டின் இழுத்தா திரும்ப பழையபடி வர்றதுக்கு. வருஷக்கணக்கா இழுத்து இழுத்து எலாஸ்டின் அறுந்துட்டா அது நைட் பேண்ட்ல செத்துப்போன எலாஸ்டிக் மாதிரிதான், துவைச்சாலும் காயவெச்சாலும் சுருங்காது. கொலாஜன மட்டும் சூடு காட்டி கொஞ்சம் புதுசா வளர வைக்கலாம். மெஷின் ட்ரீட்மெண்ட் எல்லாம் செய்யறது இந்த ஒரே வேலைதான். ரேடியோ அலைல சூடு குடுக்கற ரேடியோ ஃப்ரீக்வென்சின்னாலும் (சுருக்கமா ஆர்எஃப்) சரி, ஊசி ஊசியா குத்துற மைக்ரோநீட்லிங் ஆர்எஃப்ன்னாலும் சரி, அல்ட்ராசவுண்ட் வெச்சு பண்ற ஹைஃபுன்னாலும் சரி. தோல டைட் பண்ண பாக்கும், எக்ஸ்ட்ரா தோல எந்த மெஷினும் எடுக்காது. க்ரீம் பத்தி பேசவே வேணாம், தோல் மேலாக்க ஈரம் நிக்கும், அவ்ளோதான்.

நான் முதல்ல போனது அண்ணா நகர் பக்கம் ஒரு கிளினிக். ஏசி, சோபா, க்ரீன் டீ எல்லாம் சூப்பர். ஆனா டாக்டர பாக்கறதுக்கு முன்னாடியே கவுன்சிலர்னு ஒரு பொண்ணு வந்து உக்காந்து டேப்ல முன்ன பின்ன போட்டோ காட்டி "மேம், உங்க டம்மிக்கு (வயித்துக்கு) எட்டு சிட்டிங் பேக்கேஜ், சர்ஜரியே தேவையில்ல, இன்னைக்கு அட்வான்ஸ் கட்டினா ஆஃபர்"னு ஆரம்பிச்சுது. வயித்த பாக்கவே இல்லைங்க, சுடிதாருக்கு மேலயே பாத்து சொல்லுது. டாக்டர் யாருன்னு கேட்டா "நெக்ஸ்ட் சிட்டிங்ல பாக்கலாம்"ங்குது. பணம் கட்டாம எழுந்து வந்துட்டேன். நீங்களும் அப்படி ஒரு எடத்துல மாட்டினா எழுந்து வந்துடுங்க, சங்கடப்பட ஒண்ணுமே இல்ல. கை வெச்சு பாக்காம இத சொல்லவே முடியாது.

ரெண்டாவதா பெரம்பூர்ல ஒரு ஸ்கின் டாக்டரம்மா. இவங்கதான் எனக்கு கண்ண தொறந்தவங்க. நிக்க வெச்சு பாத்தாங்க, முன்னாடி குனிய சொல்லி பாத்தாங்க, வயித்து மடிப்ப ரெண்டு விரல்ல புடிச்சு பாத்தாங்க. மடிப்பு தடிமனா இருந்தா உள்ள இன்னும் கொழுப்பு இருக்கு, மெல்லிசா துணி மாதிரி வந்தா அது வெறும் தோல். எனக்கு மெல்லிசு. அப்புறம் மல்லாக்க படுக்க வெச்சு தலைய மட்டும் தூக்க சொல்லி தொப்புளுக்கு மேல விரல வெச்சு அழுத்தினாங்க, நடுவுல மூணு விரல் உள்ள எறங்குச்சு. கர்ப்பத்துல வயித்து தசை ரெண்டா பிரிஞ்சு அப்படியே நின்னுடுச்சாம். "இது மெஷின் வேலை இல்லம்மா, நான் பண்ணினா உங்க காசு வீணா போகும், பிளாஸ்டிக் சர்ஜன் கிட்ட போங்க, தாடைக்கு வேணா நான் பண்றேன்"னு சொன்னாங்க. கைக்கு வர்ற காச வேணாம்னு சொல்ற டாக்டர இந்த லைன்ல பாக்கறது கஷ்டம். அதுக்காகவே அவங்ககிட்ட தாடைக்கு பண்ணிக்கிட்டேன்.

ஹைஃபு எப்படின்னா, ஜெல்லி தடவி ஸ்கேன் கருவி மாதிரி ஒண்ண வெச்சு அழுத்துவாங்க, உள்ள 1.5, 3, 4.5 மில்லிமீட்டர்னு வேற வேற ஆழத்துல புள்ளி புள்ளியா சூடு போகும், மேல்தோல் எரியாது. மரத்துப்போற க்ரீம் போட்டாங்க, ஆனா தாடை எலும்பு ஓரம் வரும்போது பல்லு வேர்ல கரண்ட் அடிச்ச மாதிரி சுருக் சுருக்னு இருந்துச்சு, பொய் சொல்ல விரும்பல. அன்னைக்கே ஷேர் ஆட்டோல ஏறி வீட்டுக்கு வந்து சமைச்சேன். கொஞ்சம் வீக்கம், தொட்டா வலி, அவ்ளோதான். ரிசல்ட் உடனே தெரியாது, கொலாஜன் வளரணும்ல, ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் தாடை கோடு கொஞ்சம் தெளிவாச்சு. கொஞ்சம்னு சொல்றேன். எங்க அக்கா கண்டுபிடிச்சா, வீட்டுக்காரர் கண்டுபிடிக்கல. ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம்னு போக போக கொறையும், மறுபடி பண்ணணும்னும் முன்னாடியே சொல்லிட்டாங்க. இருபத்தி எட்டாயிரம் ஆச்சு. லேசா தொங்கல் இருக்கவங்களுக்கு, லீவு போட முடியாதவங்களுக்கு இது ஓகே. கன்னம் ஏற்கனவே ஒட்டிப்போனவங்க யோசிச்சு பண்ணுங்க, தப்பான ஆழத்துல போட்டா இருக்கற கொழுப்பும் கரைஞ்சு இன்னும் வயசான மாதிரி ஆகும். நம்ம மாதிரி மாநிறம், கருப்புக்கு ஊசி மெஷின் போட்டா கரும்புள்ளி விழ வாய்ப்பு உண்டு, வெயில்ல அலையற வேலைன்னா அத முதல்லயே சொல்லிடுங்க. பேஸ்மேக்கர் வெச்சிருந்தா ஆர்எஃப் பக்கமே போகாதீங்க.

இப்ப ஆபரேஷன். பேரு அப்டாமினோபிளாஸ்டி, எல்லாரும் டம்மி டக்னு சொல்றாங்க. நிறைய பேர் லைப்போசக்ஷன்னு நினைக்கிறாங்க, அது கொழுப்ப மட்டும் உறிஞ்சறது, தோல் லூசா இருக்கவங்களுக்கு அது மட்டும் பண்ணினா இன்னும் அதிகமா தொங்கும். சர்ஜன் முதல் நாளே தேதி குடுக்கல. வெயிட் ஆறு மாசமா ஒரே எடத்துல நிக்குதான்னு கேட்டாரு, இனி குழந்தை பெத்துக்கற ஐடியா இருக்கான்னு கேட்டாரு (இருந்தா பண்ணாதீங்க, தச்சது மறுபடி பிரிய வாய்ப்பு இருக்கு), மூணு மாச சராசரி சுகர் காட்டுற ரத்த டெஸ்ட் எடுக்க சொன்னாரு. சிகரெட், பீடி இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடி பின்னாடி நாலு வாரமாச்சும் நிறுத்தியே ஆகணுமாம், இல்லன்னா தையல் ஓரத்துல தோல் செத்துப்போகும். கெட்டது எல்லாத்தையும் அவரே வரிசையா சொன்னாரு: நீர் கோக்கலாம், ரத்தம் கட்டலாம், இன்ஃபெக்ஷன் வரலாம், கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்கு போற ஆபத்து அபூர்வம்னாலும் உண்டு, இடுப்புல இருந்து இடுப்பு வரைக்கும் தழும்பு சாகற வரைக்கும் இருக்கும். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா க்ரீன் டீ குடுத்த எடத்துல ஒரு கெட்ட விஷயம் கூட சொல்லலையே, அத நினைச்சுப்பாத்தேன், இவர் மேல நம்பிக்கை வந்துச்சு.

ஆபரேஷன் அன்னைக்கு காலைல நிக்க வெச்சு மார்க்கர் பேனாவால கோடு போட்டாரு, என் உள்பாவாடை எங்க நிக்கும்னு கேட்டு அதுக்கு கீழயே போட்டாரு. பழைய சிசேரியன் தழும்பும் அந்த வெட்டுக்குள்ளயே போயிடுச்சு. ஃபுல் மயக்கம். பிரிஞ்ச தசைய நடுவுல சேத்து தச்சு, தோல கீழ இழுத்து மிச்சத்த வெட்டிட்டு, தொப்புளுக்கு புது எடத்துல ஓட்டை போட்டு வெளிய எடுத்து தச்சாங்க. தொப்புளுக்கு கீழ இருந்த பிரசவ கோடெல்லாம் வெட்டின தோலோட போயிடுச்சு, மேல இருந்தது அப்படியே இருக்கு.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ரெண்டு பக்கமும் ட்யூப் தொங்கும், முனைல அமுக்கி விடுற பல்பு மாதிரி ஒண்ணு, அதுல சேர்ற நீர தினம் அளந்து நோட்ல எழுதணும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்கு கீழ வந்த பிறகுதான் ட்யூப உருவினாங்க. முதல் வாரம் நிமிந்து நிக்க முடியாது, கூன் போட்டுத்தான் நடக்கணும், படுக்கும்போது முட்டிக்கு கீழ தலகாணி வேணும். ஆனா நடந்தே ஆகணும், அடுத்த நாளே நடக்க விட்டாங்க, ரத்தம் உறையாம இருக்க. ஆறு வாரம் இறுக்கு பெல்ட், குளிக்கிற நேரம் தவிர எப்பவும். எங்க வீடு ரெண்டாவது மாடி, படி செங்குத்து, தண்ணி கீழ கை பம்ப்ல அடிச்சு குடத்துல தூக்கிட்டு வரணும். ஆறு வாரம் குடம் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, மாமியாருதான் முணுமுணுக்காம ஆள் வெச்சு ஏத்தினாங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம். உங்க வீட்ல தண்ணி தூக்க, சமைக்க, பாத்ரூமுக்கு கை குடுக்க ஒரு ஆள் இல்லன்னா தேதியே வாங்காதீங்க. கீழ உக்கார்ற டாய்லெட்னா நடுவுல ஓட்டை வெச்ச பிளாஸ்டிக் சேர் ஒண்ணு ரெடி பண்ணி வைங்க. ஏப்ரல் மே மாசம் வேணவே வேணாம், மார்கழி தை பாத்து பண்ணுங்க, வேர்வைல அந்த பெல்ட் போட்டுக்கிட்டு கரண்ட் போன ராத்திரிய ஓட்டவே முடியாது.

செலவு, எனக்கு ஆஸ்பத்திரி, மயக்க டாக்டர் எல்லாம் சேத்து ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் கிட்ட. அழகுக்கு பண்ற சர்ஜரிக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி உண்டு, கொட்டேஷன்ல அது சேத்தியா தனியான்னு கேட்டு எழுதி வாங்குங்க. இன்ஷூரன்ஸ் இதுக்கு குடுக்காது. தொப்புள் கிட்ட ஹெர்னியாவும் (குடலிறக்கம்) இருந்தா அத தனியா எழுத சொல்லி பாலிசில கேட்டுப்பாருங்க.

இப்ப எப்படி இருக்குன்னா, புண்ணு போயிடுச்சு. பவுடர் டப்பா தூக்கிப் போட்டாச்சு, இந்த ஒண்ணுக்கே எனக்கு காசு வசூல். வயிறு தட்டையா இருக்கு, முதுகு வலி கூட கொறைஞ்ச மாதிரி இருக்கு. தொப்புளுக்கு கீழ இன்னும் மரத்துத்தான் இருக்கு, கிள்ளினா தெரியாது. தழும்பு முதல்ல செவப்பு, அப்புறம் காப்பி கலர், ஒரு பக்க முனைல சின்னதா மேடு நிக்குது. சிலிகான் ஷீட் ஒட்டிக்கிட்டு வரேன். காது குத்தின எடத்துல, தடுப்பூசி போட்ட எடத்துல தடிச்சு வளர்ற உடம்புன்னா டாக்டர்கிட்ட முதல்லயே காட்டிடுங்க, அவங்களுக்கு இவ்ளோ நீள வெட்டு ஒத்துக்குமான்னு அவர்தான் சொல்லணும்.

டாக்டர் படிப்பு பாருங்க. ஆபரேஷனுக்கு பிளாஸ்டிக் சர்ஜரில எம்சிஎச் இல்லன்னா டிஎன்பி (இப்ப அதுக்கு டிஆர்என்பின்னு பேரு), மெஷினுக்கு ஸ்கின்ல எம்டி இல்லன்னா டிப்ளமோ. காஸ்மெட்டாலஜிஸ்ட்னு மட்டும் போர்டு போட்டிருந்தா என்ன படிச்சிருக்கீங்கன்னு வாய தொறந்து கேளுங்க. பிரைவேட் முடியாது, ஆனா மடிப்புல புண்ணு ஆறவே மாட்டேங்குதுன்னா நம்ம ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மெண்ட் இருக்கு, கை ஆபரேஷனுக்கு நாடு பூரா பேர் வாங்கின எடம் அது, ஓபில போயி காட்டி கேளுங்க.

கை சதையும் எனக்கு தொங்குது. அதுக்கும் ஆபரேஷன் இருக்குன்னு சர்ஜன் சொன்னாரு, தழும்பு அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் உள்பக்கமா வருமாம். நான் முழங்கை வரைக்கும் கை வெச்ச ஜாக்கெட் போடுற ஆளு, கைல புண்ணும் இல்ல அரிப்பும் இல்ல, அதனால வேணாம்னு விட்டுட்டேன். கைக்கு பண்ணிக்கிட்டவங்க யாராச்சும் இருந்தா ஒரு வருஷம் கழிச்சு தழும்பு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, எங்க அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா.