டிஸ்கஸ் மீனின் குடற்புழு: தண்ணீரில் லெவமிசோலா, தீனியில் ஃபென்பெண்டசோலா?

புதிதாக வாங்கிய டிஸ்கஸ்களுக்குக் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டிவந்தபோது என் முன்னால் இருந்தவை இரண்டு மருந்துகள்: தண்ணீரில் கரைத்துவிடும் லெவமிசோல், தீனியில் கலந்து ஊட்டும் ஃபென்பெண்டசோல். நான் லெவமிசோலைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன். ஆனால் மருந்து எதுவென்று முடிவு செய்வதற்கு முன்னால், இருப்பது புழுதானா என்று பார்த்துவிட வேண்டும்.

உடல் கறுப்பது, ஒதுங்கி நிற்பது, தின்றும் தேறாமல் இருப்பது, முன்பக்கமாக நின்று பார்த்தால் கண்ணுக்கு மேலே சதை வற்றித் தலை கூராகத் தெரிவது: இவை எல்லோரும் அறிந்த அறிகுறிகள். வெள்ளை எச்சத்தைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். நூல்போல் தொங்கும் வெள்ளை எச்சத்தைக் கண்டதும் புழு என்று முடிவு கட்டிவிட முடியாது. சில நாள் பட்டினி கிடந்த மீனும் குடலின் சளியை அப்படித்தான் கழிக்கும். ஹெக்ஸாமிட்டா என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் ஸ்பைரோநியூக்ளியஸ் ஒட்டுண்ணி இருந்தாலும் எச்சம் அப்படியே இருக்கும். அதற்கு மருந்து மெட்ரோனிடசோல். அது புழுவை ஒன்றும் செய்யாது. முதலில் மெட்ரோனிடசோலைப் போட்டு ஒரு வாரம் காத்திருந்தால், அந்த ஒரு வாரமும் மீன் மேலும் இளைக்கும்.

ஐயத்தைத் தீர்ப்பது நுண்ணோக்கி. புதிதாக விழுந்த எச்சத்தில் துளியளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டுடன் பரப்பினால் போதும். நூறு மடங்கு பெருக்கத்திலேயே கேப்பில்லாரியா என்ற உருண்டைப் புழுவின் முட்டை தெரிந்துவிடும்: நீள்வட்டமாக, இரண்டு முனைகளிலும் தக்கை அடைத்ததுபோல் இருக்கும். ஒருமுறை பார்த்தவர்கள் அதை வேறெதனுடனும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஸ்பைரோநியூக்ளியஸ் என்றால் நானூறு மடங்கில் மிகச் சிறிய உயிர்கள் விர்ரென்று ஓடும். கமலானஸ் புழுவுக்கு இந்த வேலையே தேவையில்லை. மீன் அசையாமல் நிற்கும்போது ஆசனவாயிலிருந்து சிவப்பு இழைகள் எட்டிப்பார்க்கும், நகர்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். எச்சத்தில் நாடாப்புழுவின் வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அதற்கு பிராசிகுவாண்டெல் உண்டு. உருண்டைப் புழுக்களுக்கு அது பயன்படாது.

ஃபென்பெண்டசோல் நல்ல மருந்துதான், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. நூறு கிராம் தீனிக்கு 0.25 கிராம் என்ற அளவில் கலந்து மூன்று நாள் தர வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும் தர வேண்டும். மருந்து நேராகப் புழு இருக்கும் குடலுக்கே போய்ச் சேர்கிறது என்பது இதன் பெரிய பலம். தண்ணீரில் இது சரியாகக் கரையாது. எனவே தொட்டியில் தூவுவது பெரும்பாலும் வீண். தூள் அடியில் படிந்துவிடும். நத்தைகள் இருக்கும் தொட்டியில் சில வகை நத்தைகளையும் கொன்றுவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: எந்த மீனுக்கு மருந்து தேவையோ அது சாப்பிடுகிறதா?

டிஸ்கஸ் கூட்டத்தில் வலியது, எளியது என்ற வரிசை கறாராக இருக்கும். தீனி விழுந்ததும் தலைமை மீன் முதலில் வரும், மற்றவை அதன் பின்னால் வரும். புழு முற்றிய மீன் மூலையில் கறுத்து நிற்கும். மருந்துத் தீனியில் பெரும்பங்கு நல்ல உடம்போடு இருக்கும் மீனுக்கே போகிறது. மூலையில் நிற்பதற்கு ஒன்றிரண்டு துணுக்கு கிடைத்தால் பெரிது. போதாக்குறைக்கு டிஸ்கஸ் உண்ணும் விதமும் நமக்கு எதிராக இருக்கிறது. வாயில் எடுத்ததை உடனே விழுங்காது. வெளியே ஊதி மறுபடி உறிஞ்சும், பிறகும் ஊதும். வெறும் தூளைத் தீனியில் பிசறிக் கொடுத்தால் ஒவ்வோர் ஊதலிலும் வெண்மையாக ஒரு புகை தண்ணீரில் கலைவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்க்கலாம். அதெல்லாம் குடலுக்குப் போயிருக்க வேண்டிய மருந்து. ஜெலட்டினில் பிணைத்து உறைய வைத்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் சாப்பிடாத மீனை ஜெலட்டினாலும் சாப்பிட வைக்க முடியாது.

லெவமிசோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் எளிதில் கரைவதால் வலிய மீனுக்கும் மூலையில் நிற்பதற்கும் ஒரே அளவில் போய்ச் சேர்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம் என்பது நான் பின்பற்றும் அளவு. 200 லிட்டர் தண்ணீருக்கு 400 மில்லிகிராம் ஆகிறது. இது மூல மருந்தின் எடை. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் தூள் 30 சதவீதம் என்றால் சுமார் 1.3 கிராம் போட வேண்டும். டப்பாவில் உள்ள சதவீதத்தைப் படிக்காமல் கரண்டியால் அள்ளிப் போடுவது ஆபத்து. தொட்டியின் கொள்ளளவை விட்டுவிட்டு, உள்ளே உண்மையில் நிற்கும் தண்ணீரைக் கணக்கிடுங்கள். ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிட வேண்டும், புற ஊதா விளக்கை அணைக்க வேண்டும். வெளிச்சத்தில் மருந்து சிதையும் என்பதால் தொட்டியைத் துணியால் மூடிவைக்கிறேன்.

இதற்குப் பிந்தைய வேலையைத்தான் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். லெவமிசோல் புழுவை முடக்குகிறது. பிடி தளர்ந்த புழு எச்சத்தோடு வெளியே விழுகிறது; உயிர் போய்விட்டது என்று சொல்ல முடியாது. எனவே 24 மணி நேரம் முடிந்ததும் அடித்தளத்தை ஒரு மூலை விடாமல் சைஃபன் செய்து, பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றி, கார்பனைத் திரும்ப வைக்க வேண்டும். மணல் போட்ட தொட்டியில் இது நடக்காத காரியம். மருந்து கொடுக்கும் காலத்திலாவது அடித்தளம் வெறும் கண்ணாடியாக இருக்கட்டும். முட்டைகளை இந்த மருந்து அழிக்காது. கேப்பில்லாரியாவுக்கு இடையில் வேறோர் உயிர் தேவையில்லை. எச்சத்தில் விழும் முட்டையே அடுத்த மீனுக்கு நோயைக் கொண்டுபோகும். அதனால் இரண்டு, மூன்று வாரத்தில் இரண்டாம் தவணை கட்டாயம். முதல் தவணையிலேயே மீன் தெளிந்து தின்னத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து நிறுத்திவிட்டவர்களின் தொட்டியில் புழு திரும்பி வருகிறது.

கேப்பில்லாரியாவுக்கு ஃபென்பெண்டசோலே மேல் என்று வாதிடும் அனுபவசாலிகள் உண்டு. என் அனுபவம் சில தொட்டிகளுக்குள் அடங்கியது என்பதால் அவர்களை மறுக்க மாட்டேன். பெற்றோரின் உடற்சளியைத் தின்றுகொண்டிருக்கும் குஞ்சுகளுக்கு நான் எந்தப் புழு மருந்தும் கொடுத்ததில்லை, அவற்றுக்கு இந்த அளவைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். இரண்டு தவணை லெவமிசோலுக்குப் பிறகும் எச்சத்தில் முட்டை தெரிந்தால், அதற்குள் எல்லா மீனும் தின்னத் தொடங்கியிருந்தால், ஜெலட்டினில் பிணைத்த ஃபென்பெண்டசோலுக்கு மாறத் தயங்க மாட்டேன். அப்போதும் தொட்டிக்குள் ஒரு தடுப்பு வைத்து, தலைமை மீனை அதற்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, மற்றவற்றுக்குத் தனியாகவே ஊட்டுவேன்.