விளக்கம் முதலா, கணிப்பு முதலா? கடலரிப்புப் பாடத்துக்கு இரண்டு வழிகள்

புதுச்சேரியில் துறைமுகத்துக்குத் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்கிறது. வடக்கே வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் கல்லைக் கொட்டித்தான் கரையைக் காக்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி? எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. 45 நிமிடப் பாடவேளையில் அதை எப்போது கேட்பது என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

விளக்கம் முதலில் என்றால், ஆசிரியர் 20 நிமிடம் பேசுவார். அலை கரையில் சாய்வாக மோதுகிறது; மணல் கரையோரமாக நகர்கிறது; ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம்; துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறிப்பதால் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே கரை அரிக்கிறது. பிறகு கேள்வி பதில். பாடம் நேரத்துக்கு முடியும், தேர்விலும் மதிப்பெண் வரும். ஆனால் மணல் தெற்கு நோக்கி நகரும் ஒரு கரையைச் சொல்லி அங்கே எது அரிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் "வடக்கு" என்பார்கள். மனதில் தங்கியது திசை, காரணம் அல்ல.

கணிப்பு முதலில் என்றால் ஒரு தட்டு வேண்டும். 60 செ.மீ. நீளத் தட்டில், ஒரு நீளப் பக்கம் முழுக்க 10 செ.மீ. அகலத்துக்கு மணலைச் சரிவாக அணைத்து, 3 செ.மீ. தண்ணீர் ஊற்றுங்கள். மணல் பக்கம் மேற்கு. கரையின் நடுவில், தண்ணீருக்குள் நீட்டியபடி ஒரு மரக்கட்டை, அதுதான் சுவர். அலை சாய்ந்து வரும் என்பதை மட்டும் 5 நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அதுகூடத் தெரியாவிட்டால் கணிப்பு வெறும் குருட்டு யூகம். அடுத்த 3 நிமிடம், மணல் எங்கே சேரும், எங்கே அரிக்கும் என்று ஒவ்வொருவரும் தனியாக, பேனாவில், காரணத்தோடு எழுத வேண்டும். கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும். 4 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம். அதன்பிறகு தென்கிழக்கு மூலையிலிருந்து ஒரு பலகையால் மெதுவாக அலை எழுப்புங்கள். மணல் எங்கே ஏறுகிறது, எங்கே கரைகிறது என்று பார்த்த பின்தான் விளக்கம்.

இந்தச் சோதனை பெரும்பாலும் கெட்டுப்போவது அலையை நேராகத் தள்ளுவதால்தான். மணல் முன்னும் பின்னும் போகுமே தவிரப் பக்கவாட்டில் நகராது. வேகமாகத் தள்ளினால் சரிவே கலைந்துவிடும். கழுவாத மணல் என்றால் தண்ணீர் கலங்கி எதுவும் தெரியாது. முந்தின நாளே இரண்டு மூன்று முறை அலசி வையுங்கள்.

கடலோரப் பிள்ளை ஒருவர் எழுந்து, "வாடைக் காத்துல மணல் தெக்கால போகுமே சார்" என்பார். அடக்கிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது உண்மைதான். ஆண்டுக் கணக்கில் ஏன் பார்க்கிறோம் என்பதற்கு அந்தப் பேச்சே போதும். விளக்கம் முதலில் வரும் வகுப்பில் இந்தக் குரல் எழுவது அரிது.

புதிய கருத்துக்குக் கணிப்பு வழிதான் எங்கள் தேர்வு. திருப்புதலுக்கு விளக்க வழி போதும், நேரமும் மிச்சம். எந்த வழியானாலும் கடைசி 5 நிமிடத்தில், அலை வடகிழக்கிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். திருத்தும்போது திசையைவிட, "ஏனென்றால்" என்பதற்குப் பிறகு வரும் வரியைப் பாருங்கள்.