லிப்போஃபெக்டமின் ஆர்என்ஏஐமேக்ஸ்: மரபணுவை அடக்க இதை நம்பி வாங்கலாமா?

இது ஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் லிப்பிட் (கொழுப்பு) ரீஏஜென்ட், அதாவது வினைப்பொருள். ஹீலா, ஹெக்-293 என்னும் ஆய்வக மனிதச் செல்வகைகளைப் போலத் தட்டில் ஒட்டி வளரும் செல்களில் எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட ஒரு மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) செலுத்தப்போகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். முதன்மை டி செல்களுக்கு (உடலிலிருந்து நேரடியாக எடுத்த நோயெதிர்ப்புச் செல்கள்) என்றால் வேண்டாம். அவற்றுக்கு மின்துடிப்பால் செல்சவ்வில் துளையிட்டுச் செலுத்தும் எலக்ட்ரோபொரேஷன்தான் சரிப்பட்டு வரும். பிளாஸ்மிட்டுக்கும் (வட்ட வடிவ டிஎன்ஏ) இது ஆகாது, அதற்காகச் செய்த பொருளே இல்லை.

24 குழித் தட்டில் ஒரு குழிக்கான கணக்கு: 25 மைக்ரோலிட்டர் ஆப்டி-மெம்மில் (கலவைக்கான ஊடகம்) ரீஏஜென்ட் 1.5 மைக்ரோலிட்டர், இன்னொரு குழாயில் அதே 25 மைக்ரோலிட்டரில் 10 மைக்ரோமோலார் எஸ்ஐஆர்என்ஏ 0.5 மைக்ரோலிட்டர், அதாவது 5 பிகோமோல். இரண்டையும் சேர்த்து அறை வெப்பத்தில் 5 நிமிடம் வைத்துவிட்டு, அரை மில்லிலிட்டர் ஊடகம் உள்ள குழியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இறுதிச் செறிவு ஏறத்தாழ 10 நானோமோலார். 0.5 மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் ஒவ்வொரு முறையும் சரியாக எடுக்க முடியாது. எனவே எல்லாக் குழிகளுக்கும் சேர்த்து, 10 சதவீதம் கூடுதலாக, ஒரே கலவையாகப் போடுவதே நல்லது.

கலக்கும் குழாயில் சீரம் (செல்களை வளர்க்க ஊடகத்தில் சேர்க்கும் இரத்தநீர்) துளியும் கூடாது. அதிலுள்ள எதிர்மின் புரதங்கள் லிப்பிடைப் பிடித்துக்கொண்டால் ஆர்என்ஏவுக்கு இடமிருக்காது. செல்களின் ஊடகத்தில் சீரம் இருந்தால் பரவாயில்லை. ஆனால் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை விலக்கிவிடுங்கள். லிப்பிட் செல்சவ்வை இளக்குவதால் அந்த மருந்தும் அதிகமாக உள்ளே போய்ச் செல்களை வாட்டும்.

செல்கள் உருண்டு மிதக்கத் தொடங்கினால், குழி 60 முதல் 80 சதவீதம் நிரம்பியிருந்ததா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் ரீஏஜென்டை 1 மைக்ரோலிட்டராகக் குறையுங்கள்.

மரபணு சரியாக அடங்கவில்லை என்றதும் எஸ்ஐஆர்என்ஏவை 100 நானோமோலாருக்கு ஏற்றும் பழக்கம்தான் மிகவும் ஆபத்தானது. எஸ்ஐஆர்என்ஏவின் இரண்டு இழைகளில் இலக்கைத் தேடிப் பிடிப்பது வழிகாட்டி இழை. அதன் 2 முதல் 8 வரையுள்ள நியூக்ளியோடைடுகள், செல்லின் சொந்தக் குட்டி ஆர்என்ஏவான மைக்ரோஆர்என்ஏ போலவே, வேறு பல எம்ஆர்என்ஏக்களிலும் (புரதம் செய்வதற்கான மரபணுவின் நகல்கள்) போய் ஒட்டும். செறிவு கூடக் கூட அதுவும் கூடும். கிடைக்கும் மாற்றம் உங்கள் மரபணுவால் வந்ததா என்றே தெரியாமல் போய்விடும். ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைத் தாக்கும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்களாவது ஒரே முடிவைத் தர வேண்டும். எந்த மரபணுவையும் குறிவைக்காத எஸ்ஐஆர்என்ஏ போட்ட குழியும் ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே இருக்கட்டும்.

பொருளின் மீது பழி போடுமுன் அளவிட்ட நேரத்தையும் யோசியுங்கள். செலுத்திய 24 முதல் 48 மணி நேரத்தில் க்யூபிசிஆர் (எம்ஆர்என்ஏவை அளக்க), 48 முதல் 72 மணி நேரத்தில் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை அளக்க). எம்ஆர்என்ஏ நன்றாகச் சரிந்தும் புரதம் அப்படியே இருந்தால், ஏற்கெனவே உருவான புரதம் இன்னும் சிதையவில்லை என்றே பொருள். வேகமாகப் பிரியும் செல்களில் ஒரு வாரத்துக்குள் விளைவு நீர்த்துவிடும். அதற்கு மேல் தேவையென்றால், லென்டிவைரஸ் என்ற வைரஸ் வழியே செலுத்தி, செல்லே தொடர்ந்து தயாரிக்கும் அடக்கும் ஆர்என்ஏவான எஸ்எச்ஆர்என்ஏவுக்குப் போங்கள்.

குப்பியை 4 டிகிரியில் வையுங்கள். உறையவிட்டால் வீண்.