பம்ப் செத்துவிட்டது என்றால் உடனே புதியது வாங்காதீர்கள்

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்து, அதன் பராமரிப்பை மாதக் கட்டணத்திற்கு வெளியாரிடம் ஒப்படைத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்காங்கில் உள்ள எங்கள் வீவக வீட்டுத் தொட்டிக்காக ஒரு பராமரிப்பு நிறுவனத்துடன் ஓராண்டு ஒப்பந்தம் செய்திருந்தோம். நீர் மாற்றுவது, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைக் கழுவுவது ஆகியவற்றோடு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை எல்லாப் பம்புகளையும் கழற்றிச் சுத்தம் செய்வதும் அதில் எழுத்தில் இருந்தது. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிக்கைகளிலும் பம்புகளுக்கு நேரே 'முடிந்தது' என்ற குறி தவறாமல் இடம்பெற்றது.

தொல்லை முதலில் தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லரில் தெரிந்தது. 26 டிகிரியில் நிற்க வேண்டிய நீர், பிற்பகல்களில் 29 டிகிரியைத் தொட்டது. பவளங்கள் சுருங்கத் தொடங்கின. (கோமாளி மீன்கள் மட்டும் எதையும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.) பார்க்க வந்த ஊழியர், சில்லரில் கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைந்துவிட்டது என்று கூறி, அதை நிரப்ப 180 வெள்ளி வாங்கிச் சென்றார். சில்லரின் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. கசிவு இருந்தாலன்றி அது குறையாது. கசிவு எங்கே என்று அவர் தேடவும் இல்லை, பில்லில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவும் இல்லை.

வெப்பம் தணியாததால் மீண்டும் அழைத்தபோது, சம்பிலிருந்து (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) நீரை மேலேற்றும் முதன்மைப் பம்ப் செத்துவிட்டது என்று சொல்லி 320 வெள்ளிக்குப் புதியதைப் பொருத்தினார்கள். பழைய பம்பைப் பையில் போடப் போனவரிடம் அது இங்கேயே இருக்கட்டும் என்று என் மனைவி சொன்னதற்கு, "பழசு உங்களுக்கு எதுக்குக்கா, நாங்களே போட்டுடுறோம்" என்றார். என் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை என்பதால்தான் இந்தப் பதிவையே எழுத முடிகிறது.

அன்றிரவே அந்தப் பம்பைத் திறந்தோம். முன்மூடியும் உடற்பகுதியும் சேரும் இடுக்கின் மேல் சிறு குழாய்ப்புழுக்களின் வெண்ணிறக் கூடுகள், இரண்டு பக்கத்தையும் பிணைத்தபடி, உடையாமல் வரிசையாக இருந்தன. மூடியை ஒருமுறை திறந்திருந்தால்கூட அவை நொறுங்கியிருக்கும். உள்ளே, சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் காந்தத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் படிவு இறுகிக் கிடந்தது. பவளத்தொட்டியில் கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். கால்சியம் கார்பனேட் வெப்பம் கூடக் கூடக் குறைவாகக் கரைவதால், மோட்டாரின் சூடான உட்சுவரில்தான் முதலில் படிகிறது. படிவு தடிக்கத் தடிக்க இம்பெல்லர் திணறும், நீரோட்டம் குறையும். எங்கள் அமைப்பில் அந்தப் பம்ப்தான் சில்லர் வழியாகவும் நீரைச் செலுத்துகிறது என்பதால், சில்லருக்குப் போதிய நீர் போகவில்லை. சுத்தம் செய்யாத பம்பிற்காக முதலில் கேஸையும் பிறகு இன்னொரு பம்பையும் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சமையலுக்கு வாங்கும் வெள்ளை வினிகரில் சம அளவு நீர் கலந்து, கழற்றிய பாகங்களை இரவு முழுதும் ஊறவைத்தோம். நுரை பொங்கி அடங்கிய பிறகு, பழைய பல்துலக்கியால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசி மாட்டினோம்; 'செத்த' பம்ப் ஓசையின்றி ஓடியது. இதைச் செய்ய விரும்புவோர் முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். பீங்கான் அச்சு எளிதில் முறியும் என்பதால் இம்பெல்லரை நெம்பாமல் நேராக உருவ வேண்டும். திருப்புளியால் சுரண்டக் கூடாது. காந்தத்தின் மேலுறை வெடித்து உள்ளே துரு ஏறி வீங்கியிருந்தால் ஊறவைத்துப் பயனில்லை. அப்போதும் பெரும்பாலான பம்புகளுக்கு இம்பெல்லரை மட்டும் தனியே வாங்கலாம். ஆனால் அமெரிக்காவிலிருந்து தருவிப்பவர்கள், அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவையில்லாத பழுதுபார்ப்பையோ உதிரிபாகத்தையோ தேவை என்று சொல்லி விற்பது, இங்குள்ள பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிகச் செயல். புழுக்கூடுகளின் படங்களை அனுப்பியபோது, எங்கும் எதுவும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு பம்பின் விலையை மட்டும் திருப்பித் தருவதாக நிறுவனம் கூறியது, மறுத்துவிட்டேன். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை, நிகழ்ந்து இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். கேஸுக்கும் பம்பிற்கும் சேர்த்து 500 வெள்ளி கேட்டு அங்கே விண்ணப்பித்திருக்கிறேன்.