கிம்ப்பில் ஓரம் கரைத்த ஏழு ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "படத்தின் ஓரம் பஞ்சு மாதிரி கரைந்து போகவேண்டும். அதற்கு கிம்ப் போதுமா, காசு கொடுத்து வேறு ஏதாவது வாங்கவேண்டுமா?" கிம்ப் என்பது காசில்லாமல் கிடைக்கும் படத் திருத்த மென்பொருள். ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் ஓர் அஞ்சலிப் படத்தை இரண்டாம் முறை அச்சடித்து, முதல் அச்சின் செலவை என் கணக்கில் எழுதியிருந்தேன். அந்தச் சூட்டோடு பேசியதில் பதில் அரை மணி நேரம் நீண்டுவிட்டது. அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

2018இல் கிம்ப் 2.10 வந்ததிலிருந்து அதில்தான் என் வேலை. காதணி விழா ஃப்ளெக்ஸ், திருமண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி என்று எதை எடுத்தாலும் ஓரம் கரையாத படத்தை வாடிக்கையாளர் ஏற்பதில்லை. வானவில் பின்னணியில் குழந்தையின் முகம் மிதக்கவேண்டும். தாத்தாவின் தோளுக்குக் கீழே மேகம் வரவேண்டும். இந்த ஊரில் நான் பிழைப்பதே ஓரங்களால்தான்.

முதலில் அந்த அஞ்சலிப் படம். பெரியவரின் மார்பளவுப் படத்தில் நீள்வட்டமாக ஒரு செலக்ஷன், அதாவது தேர்வுப் பகுதி, வரைந்தேன். அதன் அடிப்பகுதி படத்தின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தை மங்கவைக்கும் ஃபெதரை 80 பிக்சல் கொடுத்து, வெளிப்பகுதி தேர்வாகும்படி செலக்ஷனைத் தலைகீழாக்கி, அவசரத்தில் பழைய பழக்கப்படி வெளியே இருந்ததை அழித்தேன். தலையைச் சுற்றி அழகாகக் கரைந்தது. கீழே சட்டைப் பையை ஒட்டி மட்டும் கத்தியால் வெட்டியதுபோல ஒரு நேர்கோடு. திரையில் படத்தைச் சிறிதாக்கி வைத்திருந்ததால் என் கண்ணில் படவில்லை. ஃப்ளெக்ஸில் அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

காரணம் ஒரு சின்னக் கட்டம். ஃபெதர் கேட்கும் சாளரத்தில் அளவுக்குக் கீழே, செலக்ஷன் படத்துக்கு வெளியேயும் தொடர்வதாகக் கொள்ளலாமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. என் கணினியில் அதில் டிக் விழுந்தே இருந்தது. டிக் இருந்தால், விளிம்பைத் தொடும் பக்கத்தில் இன்னும் படம் இருப்பதாக நினைத்துக்கொண்டு மென்பொருள் அங்கே கரைக்காமல் விட்டுவிடும். முழுப் படத்தையும் தேர்ந்தெடுத்து ஃபெதர் கொடுத்தால் நான்கு பக்கமும் அப்படியே நிற்கும். தலைகீழாக்கி அழித்தால் ஒன்றுமே நடக்காது. இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றுகிறவருக்கு, படத்தின் மேல் விளிம்பில் மாற்றம் மங்கிப் போனால் அசிங்கமாக இருக்கும். அவருக்கு அந்த டிக் வரம். என் தொழிலில் வானத்தை யார் கேட்கிறார்கள்?

இதைவிடப் பெரிய எரிச்சல், செலக்ஷனைச் சுற்றி எறும்பு வரிசைபோல ஊரும் விட்டு விட்டு வரும் கோடு. ஃபெதர் 5 கொடுத்தாலும் 150 கொடுத்தாலும் அந்தக் கோடு, மூலைகள் சற்று உருள்வதைத் தவிர, ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். உண்மையில் செலக்ஷன் என்பது கோடே அல்ல. அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தேர்வாகியிருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. பாதி தேர்வான இடங்களை இணைத்துத்தான் எறும்புகள் ஊர்கின்றன. அந்தப் பாதிக்கு உள்ளே எவ்வளவு தூரம் மங்குகிறது, வெளியே எவ்வளவு தூரம் கசிகிறது என்பதை எறும்பு சொல்லாது. போட்டோஷாப்பிலும் இதே கதைதான். எந்தப் பிக்சலும் பாதிக்கு மேல் தேர்வாகவில்லை என்றால், கோடு தெரியாது என்று ஓர் எச்சரிக்கையாவது அது காட்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து குயிக் மாஸ்க். கிம்ப்பில் ஷிஃப்ட்டுடன் கியூ. தேர்வாகாத இடமெல்லாம் சிவப்புத் திரை விழும். ஓரத்தில் அந்தச் சிவப்பு எப்படி மெலிகிறது என்பது அப்படியே தெரியும். இந்தப் பழக்கம் எனக்கு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் வீணான தாளை எடைக்குப் போட்டிருந்தால் ஒரு நல்ல நாற்காலி வாங்கியிருக்கலாம்.

அளவை பிக்சலில் கேட்பதும் புதியவரைக் குழப்பும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று, ஸ்கேன் செய்த 4×6 அங்குலப் படத்தின் அகலம் 1200 பிக்சல். அதில் ஃபெதர் 100 என்றால் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு; மென்மையாக இருக்கும். அதே 100ஐ வாட்ஸ்அப்பில் வந்த 720 பிக்சல் படத்துக்குக் கொடுத்தால் ஏழில் ஒரு பங்கு; காது இரண்டும் காணாமல் போகும். நண்பர் குறித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஃபெதர் இருபுறமும் பரவும் என்பதை ஓர் அம்மாளின் படம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பழைய திருமணக் குழுப் படம் ஒன்று. இரண்டாம் வரிசையில் நெருக்கியடித்து நிற்பவர்களில் ஒருவர். அவர் முகத்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி மகள் வந்திருந்தார். ஓரம் கரைத்தபோது, பக்கத்தில் நின்றவரின் தோளும் புடவைக் கரையும் ஆவிபோல உள்ளே வந்து நின்றன. சரி என்று செலக்ஷனை முதலில் சுருக்கி, பிறகு ஃபெதர் கொடுத்தேன். தோள் போய்விட்டது. மகள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா தலையில் பூ எங்கே?" என்றார். காதோரம் தொங்கிய மல்லிகைச் சரம் ஓரத்தோடு சேர்ந்து கரைந்திருந்தது. "அம்மா பூ வைக்காமல் படம் எடுத்துக்கொண்டதே இல்லை" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்றுதான் அழிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு லேயர் மாஸ்க்குக்கு, அதாவது பட அடுக்கின் மேல் போடும் மறைப்புத் திரைக்கு, மாறினேன். இந்த ஏழு ஆண்டுகளில் கிம்ப் எனக்குக் கொடுத்த உண்மையான மகிழ்ச்சி அதுதான். மாஸ்க்கில் வெள்ளை இருந்தால் படம் தெரியும், கறுப்பு இருந்தால் மறையும், சாம்பல் இருந்தால் பாதி தெரியும். படத்தில் ஒரு பிக்சல்கூட அழிவதில்லை. மென்மையான தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, மறைந்துபோன இடத்தில் மெல்ல இழுத்தேன். ஒவ்வொரு மொட்டாகப் பூ திரும்பி வந்தது. கூடவே எட்டிப் பார்த்த பக்கத்துத் தோளின் மேல் கறுப்பை இழுத்தேன், போனது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், அந்தக் கடைசிப் பூவும்" என்றார். எந்த ஃபெதர் அளவாலும் இதைச் செய்திருக்க முடியாது.

மாஸ்க்கிலும் ஒரு பொறி உண்டு. லேயர் பட்டியலில் படம், மாஸ்க் என இரண்டு சிறு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது இயங்குகிறது என்பதை மெல்லிய வெள்ளைச் சட்டம்தான் காட்டும். கவனிக்காமல் தூரிகையை ஓட்டி ஒரு மணமகன் கன்னத்தில் கறுப்பு மை பூசியிருக்கிறேன். செய்ததைத் திரும்பப் பெறும் கண்ட்ரோல் இசட் வாழ்க.

அந்தத் தூரிகையைப் பிடிக்கும்போதெல்லாம் சித்தப்பாவின் இருட்டறை நினைவுக்கு வரும். கறுப்பு அட்டையில் நீள்வட்டமாக ஓட்டை வெட்டி, அதன் விளிம்பை ரம்பப் பல்போலக் கத்தரித்து வைத்திருப்பார். படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் வெளிச்சத்துக்கும் தாளுக்கும் நடுவே அதைப் பிடித்து, வெளிச்சம் அணையும்வரை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார். வெளிச்சம் படாத தாள் வெள்ளையாகவே நிற்கும். அட்டை ஆடிய இடம் சாம்பலாகக் கரையும். கை ஒரு நொடி நின்றால் பல் பல்லாக விளிம்பு விழும், தாள் போச்சு. விக்னெட் என்று அவர் சொல்லும் சொல் பிரெஞ்சில் சின்னத் திராட்சைக் கொடி என்று பொருள்படும். புத்தக ஓரத்தில் வரைந்த கொடி அலங்காரத்திலிருந்து வந்தது. இப்போது அதே பெயரில் கிம்ப்பில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. படத்தின் மேலேயே வளையங்கள் தோன்றும். சுட்டியால் பிடித்து இழுத்தால் கரைதல் விரிந்து சுருங்கும். ஓரத்தில் நிறம் ஏற்றுவதற்கு அருமை. அடியிலிருக்கும் பின்னணி தெரியவேண்டும் என்றால் மட்டும் மாஸ்க்குக்குத்தான் திரும்பவேண்டும்.

நண்பர் கட்டாயம் கேட்கப்போகும் இரண்டு. கரைத்த படத்தை ஜேபெக்காக ஏற்றுமதி செய்யாதீர்கள். அதில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை. நீலப் பின்னணியில் வெள்ளைச் சதுரமாக உட்காரும். பிஎன்ஜி போதும். அடுத்தது, பெரிய ஃப்ளெக்ஸில் கரைதல் பட்டை பட்டையாகத் தெரிவது. 72 டிபிஐயில் இரண்டு அடி நீளம் என்பது 1728 பிக்சல். கருநீலத்திலிருந்து கறுப்புக்குப் போக 30 சாயல்தான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு பட்டையும் முக்கால் அங்குலத்துக்குமேல் வரும். கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், தூவினால் மறைந்துவிடும்.

சரி, போதுமா போதாதா? காசில்லாமல் கிடைக்கிறது, மாஸ்க் இருக்கிறது, தலையில் பூவைத் திருப்பிக் கொடுத்தது. இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வாரத்துக்கு ஒரு படம் செய்கிறவருக்கு எறும்போடும் டிக்கோடும் மல்லுக்கட்டப் பொறுமை இருக்காது. கைபேசிச் செயலி ஒன்றே போதும். முதல் அச்சுக்கான பில் மேசையில் கிடக்காத நாளில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்படியும் கேட்காமல் நிறுவுவார் என்றால், அந்தக் கட்டத்தில் டிக்கை முதலில் எடுத்துவிடட்டும். மாலைக்குள் எனக்கு இரண்டு காதணி விழா முடிக்கவேண்டும். கிம்ப்பில்தான்.