நட்சத்திரம் கேட்கிறார், நாம் கொடுக்கிறோம்: பணம் எந்தக் கணக்கில் விழுகிறது?

ஒரு நடிகர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மூக்கில் குழாய் செருகிய குழந்தையின் படத்தைப் போட்டு, "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்கிறார். நம் கண்ணில் படுபவை குழந்தையின் முகம், நடிகரின் முகம், கீழே ஒரு க்யூஆர். பணம் யாரிடம் போகப்போகிறது என்பதற்கு இம்மூன்றிலும் பதில் கிடையாது. ஸ்கேன் செய்த பிறகு, பின் நம்பர் போடும் முன்பு, திரையில் ஒரு பெயர் வரும். அது வங்கிக் கணக்கில் பதிவான பெயர். அந்த ஒரு வரியைப் படிக்காமல்தான் பெரும்பாலானோர் பணம் அனுப்புகிறார்கள்.

முன்பெல்லாம் தெரிந்தவர் வந்து கேட்டார், கொடுத்தோம். தவறினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இப்போது முன்பின் தெரியாதவருக்கு, தெரிந்த முகத்தை நம்பிக் கொடுக்கிறோம். அந்த முகத்துக்கும் பணம் விழும் கணக்குக்கும் சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். பிரபலத்தின் அழைப்பு நம் பணத்தைக் கொண்டு சேர்க்கும் வழிகள் நான்கு. எது எங்கே உதவுகிறது, எங்கே சறுக்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏற்கெனவே இயங்கும் அமைப்புக்கு

2014 கோடையில் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சவால் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக நடந்தது. அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்குச் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் மொத்த வருமானத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். சங்கம் அதை ஒரே மூச்சில் செலவழிக்கவில்லை. பெரும்பகுதியை ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, ஆண்டுக்கணக்கில் பிரித்துக் கொடுத்தது. அந்த நிதி சேர்ந்த ஆய்வு ஒன்றில் 2016-ல் என்இகே1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. உதவி பெற்ற ஒரு மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரிய சோதனையில் பலன் தெரியாததால் 2024-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் இப்படித்தான் போகும், அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கோடையில் அதே அழைப்பை விடுத்தபோது வந்தது அதில் ஒரு சிறு பகுதிதான். வைரல் பணம் ஒரு முறை பெய்யும் மழை. ஏரி வெட்டி வைத்திருந்தவருக்குத்தான் அது தங்கும்.

இந்த வழியில் எது சறுக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில், காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோது, நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் 30,000 ஆஸ்திரேலிய டாலர் இலக்கு வைத்து நிதி கேட்டார். வந்தது 5.1 கோடி டாலர். பணம் பெறுபவராக அவர் தேர்ந்தெடுத்திருந்தது நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புப் படையின் நன்கொடை டிரஸ்ட். தொகை ஏற ஏற, வேறு மாநிலங்களுக்கும், வீடிழந்தவர்களுக்கும், காயம்பட்ட விலங்குகளுக்கும் பகிர்ந்து தரலாம் என்று அவர் எண்ணினார், அப்படியே சொன்னார். கொடுத்தவர்கள் பலரும் அதை நம்பியே கொடுத்தார்கள். டிரஸ்ட் பத்திரத்திலோ படைகளின் கருவி, பயிற்சி, நிர்வாகச் செலவு என்றுதான் எழுதியிருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்புச் சொன்னது: காயமுற்ற தீயணைப்பு வீரர்களுக்கும் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் தரலாம், வேறு தொண்டு அமைப்புகளுக்கு மாற்ற முடியாது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. பதிவில் எழுதிய வாக்கியத்தைவிட டிரஸ்ட் பத்திரத்தில் எழுதிய வாக்கியம் வலுவானது, அவ்வளவே.

ஆகவே இந்த வழியில் கொடுப்பவர் பார்க்க வேண்டியது அமைப்பின் நோக்கம் என்ன என்பதை. பிரபலம் "வெள்ளத்துக்கு" என்று கேட்டு, கணக்கு ஒரு கல்வி டிரஸ்டின் பெயரில் இருந்தால், அனுப்பும் முன் அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பிரபலத்தின் பெயரிலேயே அறக்கட்டளை

இதற்கு நல்லது, கெட்டது இரண்டையும் ஒரே மனிதரின் பெயர் காட்டுகிறது. இங்கிலாந்தில் முன்னாள் ராணுவ அதிகாரி டாம் மூர், தன் 100-வது பிறந்தநாளுக்கு முன் தோட்டத்தில் வாக்கரைப் பிடித்தபடி 100 சுற்று நடந்து நிதி கேட்டார். 2020 ஏப்ரலில் 1,000 பவுண்டு இலக்கோடு தொடங்கியது, 3 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அந்தப் பணம் போனது முன்பே இயங்கிவந்த, மருத்துவமனைகளுக்கான தொண்டு அமைப்புக்கு. அதில் குறை எதுவும் எழவில்லை. பிறகு அதே ஆண்டில் அவர் பெயரில் குடும்பத்தார் தனியாக அறக்கட்டளை தொடங்கினார்கள். 2021-ல் அவர் இறந்தார். 2024 நவம்பரில் அங்குள்ள தொண்டு ஆணையம் வெளியிட்ட விசாரணை அறிக்கை, குடும்பத்தார் தங்கள் சொந்த நலனையும் அறக்கட்டளையின் நலனையும் பிரித்து நிர்வகிக்கவில்லை, ஆதாயம் அடைந்தார்கள் என்று கண்டது. புத்தக ஒப்பந்தத்தின் முன்பணம் சுமார் 15 லட்சம் பவுண்டு குடும்ப நிறுவனத்துக்குப் போயிருந்தது. பெயரும் அன்பும் ஒன்றுதான். கணக்கு வேறானதும் கதை மாறிவிட்டது.

நம் பக்கத்தில் நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய அகரம் அறக்கட்டளையை இந்த வகையில் வைத்துப் பார்க்கலாம். 2010 முதல் நடக்கும் 'விதை' திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள், தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள், அதன்பின் கல்லூரிப் படிப்புக்கு உதவி. யாருக்குக் கொடுப்பது என்பதை இங்கே படத்தின் உருக்கம் முடிவு செய்வதில்லை. வீட்டின் நிலை முடிவு செய்கிறது. நட்சத்திரத்தின் பெயர் வாசலில் ஆட்களைச் சேர்க்கிறது, உள்ளே ஒரு நடைமுறை இருக்கிறது. என் கணிப்பில் பிரபலத்தின் செல்வாக்கு அதிகப் பலன் தருவது இப்படிப்பட்ட, மாதாமாதம் சிறு தொகை போய்க்கொண்டிருக்கும் வேலைகளில்தான்.

ஓர் அறக்கட்டளையை எடைபோடக் கேட்க வேண்டியவை: அறங்காவலர்களில் குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர்? தணிக்கை செய்த கணக்கு இணையத்தில் இருக்கிறதா? பிரபலத்தின் படம், புத்தகம், கடை ஆகியவற்றோடு அறக்கட்டளைக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டா?

ஒரு நோயாளிக்கான கிரவுட்ஃபண்டிங்

சமூக ஊடகம் அதிகம் மாற்றியது இதைத்தான். 2021-ல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் எஸ்எம்ஏ என்ற தசைநலிவு நோய் வந்த ஒரு குழந்தைக்கு 18 கோடி ரூபாய் மருந்து தேவைப்பட்டது. அதே நோயோடு வாழ்ந்த அக்காவின் குரல் வாட்ஸ்அப்பில் பரவியது. சில நாட்களில் 46 கோடிக்கு மேல் வந்தது. ஊரில் அமைத்திருந்த குழு, போதும், அனுப்பாதீர்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மீதிப் பணம் அதே நோயுள்ள வேறு குழந்தைகளுக்கு உதவியது. ஆஸ்திரேலியாவோடு ஒப்பிடுங்கள்: இங்கே கணக்கைக் கையாளக் குழு இருந்தது, மீதி வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்க ஆள் இருந்தது.

இணையத்தில் பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் வழக்கமான கிரவுட்ஃபண்டிங் தளத்தில் இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பக்கத்தைத் திறந்ததும் இவற்றைப் பாருங்கள். மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட் (சிகிச்சைச் செலவின் மதிப்பீடு) இருக்கிறதா, அதில் தேதியும் மருத்துவரின் கையொப்பமும் இருக்கின்றனவா? கேட்கும் தொகை எஸ்டிமேட்டைவிட எவ்வளவு கூடுதல்? பணத்தைத் தளம் மருத்துவமனைக்கு நேராகக் கொடுக்கிறதா, குடும்பத்தின் கணக்கில் போடுகிறதா? தமிழகத்தில் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை வழி உண்டு. அரிய நோய்களுக்கு மத்திய அரசின் கொள்கையில் 50 லட்சம் வரை உண்டு. இவற்றை முயன்று பார்த்ததாகப் பக்கத்தில் ஒரு வரியாவது இருந்தால் நம்பிக்கை கூடும்.

பிறகு டிப். "தளக் கட்டணம் இல்லை" என்று மேலே போட்டிருக்கும். பணம் செலுத்தும் திரையில் உங்கள் 1,000 ரூபாயோடு தளத்துக்கான டிப் ஒன்று முன்கூட்டியே சேர்ந்திருக்கும். 10 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 1,100. கொடுக்க விருப்பமில்லை என்றால் அந்தப் பட்டியைத் திறந்து, 'மற்றவை' என்பதைத் தொட்டு, பூஜ்யம் போட வேண்டும். பணத்தைக் கொண்டுசேர்க்கும் பேமென்ட் கேட்வே சேவையின் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் பெரும்பாலும் குழந்தைக்குப் போகும் தொகையிலிருந்து பிடிக்கப்படும்.

இதைவிடச் சுத்தமான வழி ஒன்று உண்டு. மருத்துவமனையின் பொது எண்ணை அதன் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்து (போஸ்டரில் இருக்கும் எண்ணை அல்ல), பில்லிங் பிரிவைக் கேளுங்கள். நோயாளியின் விவரத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் குடும்பத்திடம் வாங்கிய ஐபி நம்பருக்கு (உள்நோயாளி எண்) முன்பணம் கட்ட முடியுமா என்று கேட்டால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். ரசீது அந்த எண்ணுக்கே விழும்.

குடும்பத்தின் சொந்தக் கணக்கில் சிக்கல் வேறு மாதிரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானமாகக் கருதப்படும் என்பது வரிச் சட்டத்தின் பொது விதி. ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் சிறு தொகைகள் விழுந்தால் வங்கியின் கண்காணிப்பில் சிக்கலாம். யாரேனும் சைபர் கிரைமில் புகார் கொடுத்தால் கணக்கு முடங்கலாம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வழியின் பெரிய குறை என்று நான் நினைப்பது, யார் விடுபடுகிறார்கள் என்பதே. வாரம் மூன்று டயாலிசிஸ் செய்யும் 52 வயதுக் கட்டடத் தொழிலாளிக்கு எந்த ரீலும் ஓடாது. ஓடுகிற குழந்தைக்கோ, அந்தக் குழாய் செருகிய முகம் பிழைத்து வளர்ந்து பள்ளிக்குப் போன பிறகும் இணையத்தில் கிடக்கும். முகம் மறைத்த படத்தோடு கேட்கும் பக்கங்களுக்கு நாம் முதலில் கொடுத்துப் பழக வேண்டும்.

இன்ஃப்ளூயன்சரின் சொந்த க்யூஆர்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். விளம்பர வருமானமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலக்கின்றன, தணிக்கை கிடையாது, மீதிப் பணத்துக்கு விதி கிடையாது, யுபிஐயில் போன பணம் நீங்கள் கேட்டதால் மட்டும் திரும்பி வராது. உண்மையான போஸ்டரை வெட்டி, க்யூஆரை மட்டும் மாற்றி ஒட்டி உலவவிடுவதும் இங்கேதான் எளிது. அவருக்கு உதவ மனம் இருந்தால், மருத்துவமனை அல்லது டிரஸ்டின் கணக்கைப் பகிரும்படி அவரிடமே எழுதுங்கள். நல்லெண்ணம் உள்ளவர் மாற்றிக்கொள்வார்.

பேரிடரின்போது நட்சத்திரங்கள் முதல்வர் நிவாரண நிதிக்குக் காசோலை கொடுக்கும் படங்கள் வரும். அந்த நிதிக்கு நீங்களும் இணையத்தில் நேராகக் கட்டலாம். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு முழுத் தொகைக்கும் வருமான வரிக் கழிவு உண்டு. தனிநபருக்கோ மருத்துவமனை பில்லுக்கோ கொடுத்தால் கழிவு இல்லை, புதிய வரிமுறையில் எதற்குமே இல்லை. டிரஸ்டுக்கு என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீதில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் 5,000 ரூபாய் இருந்து, இந்த வாரம் ஒரு ரீல் மனதைக் கிளறினால், நான் பிரிக்கும் விதம் இது: 2,000 மருத்துவமனையில் அந்த ஐபி நம்பருக்கு, மீதி 3,000-ஐ மாதம் 250 வீதம் ஓராண்டுக்கு, யாரும் ரீல் போடாத ஒரு டயாலிசிஸ் உதவி டிரஸ்டுக்கு, கணக்கிலிருந்து தானாகப் போகும் ஆட்டோபேயில். மருத்துவமனையில் கட்டிய ரசீதின் தேதியைக் குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்துப் பதிவு போட்டவரிடம் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு வந்தது, பில் எவ்வளவு ஆயிற்று, மீதி எங்கே இருக்கிறது?