கல்லுல செதுக்குன ஆந்தை, 900 டாலர்

டொராண்டோல ஒரு கேலரில இந்த ஆந்தை பிரிண்ட்ட வாங்கி மூணு மாசம் ஆச்சு, வீட்டுக்கு வர்ற ஆளெல்லாம் "ஏம்பா ஒரு பிரிண்ட்டுக்கா 900 டாலர் அழுத?"ன்னு கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு, அதான் எழுதிடுறேன்.

இது மெஷின்ல அடிச்ச போஸ்டர் இல்ல, ஸ்டோன்கட். கனடாவோட வடகோடில பாஃபின் தீவு ஓரத்துல கின்கைட்னு ஒரு ஊரு, ஆர்க்டிக் பூர்வகுடியான இனுயிட் மக்களோடது, முன்னாடி கேப் டோர்செட்னு சொல்லுவாங்க, அங்க 1959ல முதல் பிரிண்ட் கலெக்‌ஷன் வந்துச்சு, இப்பவும் வருது. வரையறது ஒருத்தர், அதைக் கல்லுல செதுக்குறது இன்னொருத்தர். கோடு மட்டும் மேடா நிக்கிற மாதிரி மத்ததையெல்லாம் வெட்டி எடுத்துட்டு, மேல மை உருட்டி, ஜப்பான் பேப்பர வெச்சு கையாலயே தேய்ச்சு எடுக்குறாங்க. ஒவ்வொரு காப்பிக்கும் திரும்ப முதல்லருந்து மை போடணும். பழைய பில்லியர்ட்ஸ் டேபிள் ஸ்லேட்டையெல்லாம் இதுக்கு எடுத்திருக்காங்கன்னு கேட்டப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு. பெரும்பாலும் 50 காப்பிதான், அப்புறம் அந்தக் கல்லுல திரும்ப அடிக்க மாட்டாங்க. என்னோடது 32/50, அதாவது அம்பதுல முப்பத்திரெண்டாவது.

ஆந்தைன்னாலே இங்க எல்லாருக்கும் ஞாபகம் வர்றது இனுயிட் ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக் 1960ல பண்ண 'என்சான்டட் அவுல்' தான், 1970ல கனடா ஸ்டாம்ப்லயே வந்துச்சு. 2018 ஏலத்துல அதோட ஒரு காப்பி 2 லட்சம் டாலருக்கு மேல போச்சு, அந்தப் பக்கமே நம்ம எட்டிப் பாக்க முடியாது. நான் வாங்குனது பேர் அவ்வளவா தெரியாத ஒருத்தரோடது, சின்ன சைஸ்.

வெப்சைட் போட்டோல பாத்தப்ப ஆந்தை தட்டையா இருந்துச்சு, உண்மையச் சொன்னா பாதி மனசோடதான் போனேன். நேர்ல பாத்தா றெக்கைல கருப்பு ஒரே கருப்பா இல்ல, ஒரு எடத்துல அடர்த்தி, பக்கத்துலயே பேப்பர் நார் வெளிய தெரியுற அளவுக்கு லேசு. வால்கிட்ட நீலம் பச்சைக்குள்ள எங்க போய் கலக்குதுன்னு கண்ணாலயே கண்டுபிடிக்க முடியல. கீழ ஓரத்துல இனுயிட் மொழியான இனுக்டிடூட் எழுத்துல பேரு, அதுக்குப் பக்கத்துல சிவப்பா குட்டி இக்ளூ (பனி வீடு) முத்திரை.

கடுப்பானது ஃப்ரேம் விஷயத்துலதான். வேற ஒரு கடைல குடுத்தேன், அவங்க படத்தச் சுத்தி வைக்கிற அட்டைய, அதான் மவுண்ட் போர்ட, வெச்சு அந்த முத்திரை, நம்பர் ரெண்டையும் அழகா மூடிட்டாங்க! பிரிச்சு மறுபடி போட இன்னும் 120 டாலர். நீங்க குடுக்கும்போது ஓரத்த மூடக்கூடாது, ஆசிட் இல்லாத போர்டு, பேப்பர கம் போட்டு ஒட்டவே கூடாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க, முடிஞ்சா எழுதியே குடுங்க.

அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் கொறச்சது போட்டோவுக்கு, வாங்குறதுன்னா நேர்ல போய்ப் பாருங்க. என் பொண்ணு மட்டும் இன்னும் அத கோழின்னுதான் சொல்றா.